சம்பளத்தைச் சொல்லக்கூடாது என்ற விதியை விலக்கிக்கொள்ளுங்கள்: நிறுவனத் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் மனிதவளத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் பணி நியமன ஆணைகளில், விடுப்பு விதிகளுக்கும் பணி விலகல் அறிவிப்புக் காலத்துக்கும் நடுவே, பெரும்பாலும் யாரும் நின்று படிக்காத ஒரு விதி இருக்கிறது. ஊழியர் தமது ஊதிய விவரத்தைச் சக ஊழியர் எவரிடமும் தெரிவிக்கக்கூடாது, தெரிவித்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார் என்பது அதன் சாரம். சில இடங்களில் இது எழுத்தில் இருக்காது. ஆண்டு மதிப்பீடு முடிந்து ஊதிய உயர்வுக் கடிதத்தைக் கையில் கொடுக்கும் மேலாளர், "இது நமக்குள் இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். எழுத்தில் இருந்தாலும் வாய்மொழியாக இருந்தாலும் இந்தத் தடையை நீங்கள் விலக்கிக்கொள்ள வேண்டும். அத்துடன் நில்லாமல், எந்த வேலைக்கு எவ்வளவு ஊதியம், அது எந்த அடிப்படையில் முடிவாகிறது என்பதை ஊழியர்கள் அறியும்படி செய்ய வேண்டும். இதைக் கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பிரிவில் நான் நெடுங்காலம் வேலை பார்த்திருக்கிறேன். உயர் நிர்வாகத்தை விட்டால், எல்லோருடைய சம்பளமும் ஒரே திரையில் தெரியும் இடம் அதுதான். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலைச் சரிபார்க்கும்போது, ஒரே பதவிப் பெயர், ஒரே பிரிவு, ஒரே வேலை, ஆனால் எதிரே இருக்கும் தொகைகள் மட்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏன் இப்படி என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் அந்த நிறுவனத்திலேயே இருக்கமாட்டார்கள். அந்தத் தொகையை முடிவு செய்த மேலாளர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார். அவர் போன பிறகும் அவர் போட்ட தொகை மட்டும் ஆண்டுதோறும் சதவீதக் கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி யாருடைய கெட்ட எண்ணத்திலும் பிறந்தது இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் வேலைக்கு எடுக்கப்படும்போது அவர் முன்பு வாங்கிய சம்பளத்தின் மேல் ஒரு சதவீதம் கூட்டிப் போடுகிறீர்கள். முந்தைய இடத்தில் அவருக்குக் குறைவாகக் கொடுத்திருந்தால் அந்தக் குறை உங்களிடமும் தொடர்கிறது. இன்னொருவர் ஆள் கிடைக்காத நெருக்கடியான மாதத்தில் வந்து சேர்கிறார். கேட்டதைக் கொடுத்து எடுக்கிறீர்கள். மூன்றாமவர் குழந்தை வளர்ப்புக்காகச் சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்து திரும்புகிறார். வேலை கிடைத்தால் போதும் என்ற நிலையில் பேரம் பேசாமல் கையெழுத்திடுகிறார். மூவரும் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்து ஒரே வேலையைச் செய்கிறார்கள்.

அதன் பிறகு நடப்பது வெறும் கணக்கு. ஒருவருக்கு ஆண்டுக்கு 100 என்றும் மற்றவருக்கு 120 என்றும் வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஆண்டுதோறும் சமமாக 8 சதவீதம் உயர்வு தருகிறீர்கள். பார்ப்பதற்கு இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை. பத்து உயர்வுகளுக்குப் பிறகு முதலாமவர் 216 வாங்குவார், இரண்டாமவர் 259 வாங்குவார். தொடக்கத்தில் 20 ஆக இருந்த இடைவெளி 43 ஆகியிருக்கும். அந்தப் பத்து ஆண்டுகளில் முதலாமவர் கைக்கு வராமல் போன தொகையைக் கூட்டினால் 290-ஐத் தொடும். அவருடைய தொடக்க ஆண்டுச் சம்பளத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு அது. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும் இடங்களில், வேலையை விட்ட பிறகும் அந்த இழப்பு ஆயுள் முழுக்க அவரைத் தொடரும். முதல் நாள் நேர்காணலில் அவர் கேட்கத் தவறிய ஒரு கேள்விக்கு இவ்வளவு பெரிய விலை. ஆனால் அவர் அதைத் திருத்திக்கொள்ள வேண்டுமானால், முதலில் அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அவருக்கு அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளான பக்கத்து மேசைக்காரரின் வாயைத்தான் உங்கள் விதி கட்டுகிறது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நீண்ட அனுபவம் உள்ள ஒரு அம்மையார், தம் பிரிவுத் தலைவர் விடுப்பில் போனதால், அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை அவர் சார்பில் நிரப்பித் தரவேண்டி வந்தது. அவருக்கு அனுப்பப்பட்ட எக்செல் கோப்பில் பிரிவில் இருக்கும் அனைவரின் பெயரும் ஊதியமும் இருந்தன. அனுப்பியவர் அந்த நிரலை மறைக்க மறந்துவிட்டார். தாம் கைபிடித்து வேலை கற்றுக்கொடுத்த இளைஞர் தம்மைவிடக் கணிசமாகக் கூடுதலாக வாங்குவதை அவர் அந்தக் கோப்பில்தான் பார்த்தார். அவர் யாரோடும் சண்டை போடவில்லை. அந்த இளைஞர் மீது அவருக்கு வருத்தமும் இல்லை. மனிதவளத் துறைக்குப் போய், "எங்கள் இருவருக்கும் எந்த அளவுகோலில் சம்பளம் போட்டிருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அவருக்குப் பதிலாகக் கிடைத்தது இன்னொரு கேள்வி: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" இரண்டு நாளில் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அந்த ஊதிய வேறுபாட்டுக்கு விளக்கம் கடைசி வரை வரவில்லை. சில மாதங்களில் அவர் விலகிப்போனார். அவர் இடத்துக்கு ஆள் எடுத்தபோது, அவர் கேட்டிருந்தால் கொடுத்திருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகக் கொடுத்தே எடுக்க வேண்டியிருந்தது. அந்தப் புதிய நியமனத்தின் விவரங்களைக் கணினியில் ஏற்றியது எங்கள் பிரிவுதான்.

ரகசியம் இல்லாமல் போனால் அலுவலகத்தில் அமைதி கெடும் என்று சொல்கிறீர்கள். அந்த அம்மையார் விஷயத்தில் அமைதியைக் கெடுத்தது அந்தக் கோப்பா, அல்லது அவருடைய கேள்விக்குப் பதில் இல்லாமல் போனதா என்று எண்ணிப் பாருங்கள்.

இதே நிலை உலகறிய ஒரு வழக்காகவும் வந்திருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் குட்இயர் டயர் ஆலையில் 1979-இல் வேலைக்குச் சேர்ந்த லில்லி லெட்பெட்டர், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்தவர். அங்கும் சம்பளத்தைப் பற்றிப் பேசக்கூடாது. ஓய்வு பெறும் தறுவாயில், தமக்கு வரும் கடிதங்கள் இடப்படும் பெட்டியில் பெயரில்லாத ஒரு துண்டுச் சீட்டைக் கண்டார். அவருடைய சம்பளமும் அதே பொறுப்பில் இருந்த மூன்று ஆண்களின் சம்பளமும் அதில் எழுதப்பட்டிருந்தன. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பொறுப்பில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர், மிக அதிகமாக வாங்கியவருக்கு 5,236 டாலர். அவர் வழக்குத் தொடுத்தார். நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 2007-இல் உச்ச நீதிமன்றம், பாகுபாடான ஊதிய முடிவு எடுக்கப்பட்ட 180 நாட்களுக்குள் அவர் புகார் செய்திருக்க வேண்டும் என்று 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் அவருடைய கோரிக்கையைத் தள்ளியது. சக ஊழியரின் ஊதியம் ஊழியர்களின் கண்ணுக்குப் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கிறது என்பதை, மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் சுட்டிக்காட்டினார். பின்னர் 2009 ஜனவரியில் லெட்பெட்டர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, பாகுபாடான ஒவ்வொரு சம்பளப் பட்டுவாடாவும் அந்தக் காலக்கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும் என்று ஆக்கியது. அந்தச் சட்டம் மற்றவர்களுக்குப் பயன்பட்டது. அவருக்குச் சேரவேண்டிய தொகை அவருக்கு வரவே இல்லை.

அந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: அவருக்கு உரிமை இருந்தது, அந்த உரிமைக்குக் காலக்கெடு இருந்தது, அந்தக் காலக்கெடு ஓடத் தொடங்கியது அவருக்குத் தெரியாமல் இருந்தது. சம ஊதியத்துக்கான சட்டங்கள் பல நாடுகளில் ஏதோவொரு வடிவில் இருக்கின்றன. சம மதிப்புள்ள வேலைக்கு ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கை 1951-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பக்கத்தில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று கேட்கவே கூடாது என்ற இடத்தில், அந்த உரிமைகளை ஒருவர் எதைக் காட்டிக் கோருவார்?

இந்தத் தடைக்கு எதிரான சட்டங்களும் புதியவை அல்ல. அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டமே, மேலாளர் நிலையில் இல்லாத பெரும்பாலான தனியார் துறை ஊழியர்கள் ஊதியத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசும் உரிமையைக் காக்கிறது. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், ஊதியத்தில் பாகுபாடு இருக்கிறதா என்று அறிவதற்காக ஒருவர் பேசினால் அவர் மீது ரகசிய விதியைச் செலுத்த முடியாது என்கிறது. ஆஸ்திரேலியா 2022-இல் இத்தகைய விதிகளையே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நிறைவேற்றிய ஊதிய வெளிப்படைத்தன்மை நெறியாணை இன்னும் ஒரு படி மேலே போய், வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு ஊதிய வரம்பை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், முந்தைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது, தம்மைப் போன்ற வேலை செய்யும் ஆண்கள், பெண்களின் சராசரி ஊதியத்தைக் கேட்டறிய ஊழியருக்கு உரிமை உண்டு என்று வகுத்திருக்கிறது. அதைத் தங்கள் நாட்டுச் சட்டமாக்க உறுப்பு நாடுகளுக்கு 2026 ஜூன் 7 வரை காலக்கெடு தரப்பட்டது.

ஆனால் சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்டுவது என் நோக்கமன்று. சட்டம் மட்டும் இதைத் தீர்க்காது என்பதற்கும் அமெரிக்காவே சான்று. அந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பிறகும், அங்கு நடத்தப்பட்ட ஆய்வுகளில் ஏறக்குறைய பாதி ஊழியர்கள், தங்கள் பணியிடத்தில் ஊதியத்தைப் பற்றிப் பேசத் தடை இருக்கிறது அல்லது பேசுவதை நிர்வாகம் விரும்புவதில்லை என்றே சொன்னார்கள். மூடிய அறையில் மேலாளர் மெல்லச் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் வலிமை அப்படி. அதனால்தான் நீதிமன்றங்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அந்த வாக்கியத்தை நிறுத்தக்கூடியவர்கள் நீங்கள்தான்.

இந்த ரகசியத்தால் யாருக்கு நன்மை என்பதையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். ஊதியம் ஒரு பேரம். அந்தப் பேரத்தில் உங்கள் பக்கம் முழுப் பட்டியலும் இருக்கிறது. அது போதாதென்று, ஆலோசனை நிறுவனங்கள் நடத்தும் ஊதிய ஆய்வுகளுக்குப் பணம் கட்டி, உங்களைப் போன்ற பிற நிறுவனங்கள் எந்தப் பதவிக்கு என்ன கொடுக்கின்றன என்பதையும் வாங்கி வைத்துக்கொள்கிறீர்கள். அதற்காக உங்கள் ஊழியர்களின் ஊதிய விவரங்களையும் பெயரில்லாமல் தொகுத்து அந்த ஆய்வுகளுக்குக் கொடுக்கிறீர்கள். அந்தத் தரவுகளை அனுப்பும் வேலையை நானே செய்திருக்கிறேன். முதலாளிகள் தங்களுக்குள் ஊதியத்தைப் பகிர்ந்துகொள்வது நல்ல நிர்வாகம் என்றும், ஊழியர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது ஒழுங்கீனம் என்றும் கொள்வதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இதைவிடவும் பொருந்தாத ஒன்று உண்டு. இந்தத் தடையை விதிக்கும் நிறுவனங்களில் பலவும் புதிதாக வேலைக்கு வருபவரிடம் கேட்பது, முந்தைய நிறுவனத்தின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை. அந்த முந்தைய நிறுவனத்திலும் இதே ரகசிய விதி இருந்திருக்கும். அதை மீறிச் சீட்டைக் காட்டினால்தான் உங்களிடம் வேலை. ஆக, முன்பின் தெரியாத இன்னொரு நிறுவனத்தின் அதிகாரியிடம் ஒருவர் தம் சம்பளத்தைக் காட்டலாம். ஆண்டுக்கணக்கில் உடன் வேலை செய்தவரிடம் அதைச் சொல்லக்கூடாது. ரகசியத்தின் மீது உங்களுக்கு உண்மையான மதிப்பு இருந்தால், பிறர் நிறுவனத்துச் சீட்டைக் கேட்பதை முதலில் நிறுத்தியிருப்பீர்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2018 முதல் அந்தக் கேள்வியையே சட்டப்படி தடுத்திருக்கிறது. அதன் பிறகும் அங்கே நிறுவனங்கள் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இனி உங்கள் தரப்பு. நீங்கள் சொல்வதில் எடையுள்ளது பொறாமை பற்றிய வாதம். அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. கலிஃபோர்னியாவில் 2008-இல் ஒரு நாளிதழ், அரசு ஊழியர்களின் சம்பளத்தைப் பெயர் போட்டு யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது. அதைப் பற்றிக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் தெரிவித்து, பொருளாதார அறிஞர் டேவிட் கார்டும் மற்ற மூவரும் ஓர் ஆய்வு செய்தார்கள்; அது 2012-இல் வெளியானது. தம் பிரிவின் இடைநிலைச் சம்பளத்துக்கு, அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் தொகைக்கு, கீழே இருந்தவர்கள் விவரத்தைப் பார்த்த பிறகு மனநிறைவு குறைந்தார்கள், வேறு வேலை தேடும் எண்ணமும் அவர்களிடம் கூடியது. மேலே இருந்தவர்களுக்கு அதற்கு ஈடாக மகிழ்ச்சி எதுவும் கூடவில்லை. இந்த முடிவை எடுத்துக்காட்டித்தான், "பார்த்தீர்களா, தெரியாமல் இருப்பதே நல்லது" என்கிறார்கள்.

நான் அந்த முடிவை வேறு விதமாகப் படிக்கிறேன். குறைவாக வாங்குகிறோம் என்று தெரிந்ததும் ஒருவர் வருத்தப்பட்டார் என்றால், வருத்தத்துக்கான காரணம் அவர் சம்பளத்தில் இருக்கிறது. அவரிடமிருந்து அதை மறைத்து வாங்கிய மனநிறைவு அவருடைய அறியாமையின் மேல் கட்டப்பட்டது. அவருக்குத் தெரியாமல் இருப்பது நிர்வாகத்துக்கு நல்லது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவருக்கு நல்லது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மேலும், அங்கே வெளியானது வெறும் எண்கள். ஒருவருக்கு ஏன் கூடுதல், இன்னொருவருக்கு ஏன் குறைவு என்ற விளக்கம் அதனுடன் வரவில்லை. எண்ணை மட்டும் திறந்துவிட்டுக் காரணத்தைப் பூட்டி வைத்தால் மனக்கசப்பு வரத்தான் செய்யும். அதற்கு மருந்து காரணத்தையும் திறப்பது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ரகசியம் இருந்தால் ஊழியர்கள் ஒப்பிட்டுப் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். ஒப்பிடாமல் யாரும் இருப்பதில்லை. தவறான தொகையோடு ஒப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். 1960-களில் அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் லாலர், சம்பளம் ரகசியமாக இருந்த நிறுவனங்களின் மேலாளர்களிடம் மற்றவர்களின் ஊதியத்தை ஊகிக்கச் சொன்னார். தமக்குச் சமமானவர்களும் தமக்குக் கீழே இருப்பவர்களும் உண்மையில் வாங்குவதைவிடக் கூடுதலாக வாங்குகிறார்கள் என்றும், தமக்கு மேலே இருப்பவர்கள் வாங்குவது உண்மையைவிடக் குறைவு என்றும் அவர்கள் எண்ணினார்கள். அதாவது, நியாயமாகவே நடத்தப்பட்ட ஒருவர்கூடத் தாம் ஏமாற்றப்படுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். உழைத்து மேலே போனால் கிடைக்கக்கூடியது எவ்வளவு என்பதையும் குறைத்தே மதிப்பிட்டார். நியாயமாகச் சம்பளம் கொடுக்கும் நிறுவனங்களுக்கு இந்த ரகசியத்தால் நட்டம்தான். கொடுப்பதையும் கொடுத்து, சந்தேகத்தையும் சம்பாதித்துக்கொள்கிறீர்கள்.

இரண்டாவது வாதம் எனக்கு இன்னும் கடினமானது, ஏனென்றால் அது ஊழியர் பக்கத்திலிருந்தே வருகிறது. டென்மார்க்கில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம், குறைந்தது 35 பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண், பெண் ஊதியப் புள்ளிவிவரத்தைத் தனித்தனியே தரவேண்டும் என்றது. அதன் விளைவை ஆராய்ந்தவர்கள் ஆண், பெண் ஊதிய இடைவெளி சுருங்கியதைக் கண்டார்கள். ஆனால் பெண்களின் ஊதியம் பெரிதாக உயர்ந்ததால் அது நடக்கவில்லை, ஆண்களின் ஊதிய வளர்ச்சி மெதுவானதால் நடந்தது. ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று தெரிந்ததும் முதலாளிகள் யாருக்கும் கூட்டிக் கொடுக்கத் தயங்குகிறார்கள். திறமையாகப் பேரம் பேசக்கூடிய ஒருவருக்கு ரகசியம் லாபமாக இருக்கலாம் என்பது உண்மைதான். எனினும் அந்த லாபம் பக்கத்து மேசைக்காரரின் அறியாமையை நம்பி இருப்பது. தொகையை மேல்நோக்கிச் சமன் செய்வதா, கீழ்நோக்கிச் சமன் செய்வதா என்பது எந்தச் சட்டமும் தானாகத் தீர்மானித்துவிடுவதில்லை. அது உங்கள் முடிவு. வெளிப்படைத்தன்மை வந்தால் யாருக்கும் நல்ல உயர்வு கிடைக்காது என்று சொல்லும் நிர்வாகம், தான் எடுக்கப்போகும் முடிவை முன்கூட்டியே அறிவிக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

போட்டி நிறுவனங்கள் ஆட்களை இழுத்துக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவர்களுக்கு உங்கள் ஊதிய நிலவரம் ஏற்கெனவே தெரியும். மேலே சொன்ன ஆய்வுகளையும் சம்பளச் சீட்டுகளையும் அவர்களும் பார்க்கிறார்கள்.

அந்தரங்கம் பற்றிய கேள்வி அப்படிப்பட்டதன்று. அதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. தம் சம்பளத்தை யாரிடமும் சொல்ல விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். குடும்பச் சுமை, கடன், உறவினர்களின் எதிர்பார்ப்பு என்று அவரவருக்கு ஆயிரம் காரணங்கள். நார்வேயில் குடிமக்களின் வருமான வரி விவரங்களைப் பிறர் பார்க்கலாம். 2014 முதல், தம் விவரத்தைத் தேடியவர் யார் என்று சம்பந்தப்பட்டவர் அறியலாம் என்று ஆனதும், அப்படித் தேடுவது வெகுவாகக் குறைந்துபோனது. திறந்து வைக்கும் ஒரு சமூகம்கூட அந்தரங்கத்துக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டதை நான் மதிக்கிறேன். பெயர் போட்டுப் பட்டியல் ஒட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. சொல்ல விரும்பாதவர் சொல்லாமல் இருக்கட்டும். சொல்ல விரும்புபவரைத் தண்டிக்காதீர்கள்.

சம்பளப் பிரிவில் இருந்தவர் என்ற முறையில் இந்த எல்லை எனக்கு நன்றாகவே தெரியும். பிறர் சம்பளம் என் கைக்கு வந்தது வேலையின் பொருட்டு. அதை நான் வெளியே சொன்னால் நம்பிக்கைத் துரோகம், அதற்கு என்னைத் தண்டிப்பதும் சரி. இந்த மடலிலும் யாருடைய தொகையையும் நான் சொல்லவில்லை. ஆனால் என் சம்பளம் என் உழைப்புக்கான ஈடு. அதை யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யவேண்டியவர் நான். இந்த இரண்டையும் ஒரே விதியில் அடைத்து, சொந்தச் சம்பளத்தைச் சொன்னவரையும் கோப்பைத் திருடிப் பரப்பியவரையும் ஒரே குற்றத்தில் சேர்க்கும் நியமன ஆணைகளை நான் பார்த்திருக்கிறேன். விதியை எழுதும்போதே இவற்றைப் பிரித்து எழுதுவது ஒரு வழக்கறிஞருக்கு அரைமணி நேர வேலை.

ஆகவே நான் கேட்பது நடைமுறையில் செய்யக்கூடியதுதான். ரகசிய விதியைப் புதிய ஆணைகளிலிருந்து நீக்குவதோடு, ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களையும் அது இனிக் கட்டுப்படுத்தாது என்று எல்லோருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மேலாளர்களுக்குத் தனியாகவே தெரிவியுங்கள், ஏனெனில் தாளில் இருந்து போன தடை அவர்கள் வாயில் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு பதவிக்கும் ஊதிய வரம்பு என்ன, அந்த வரம்புக்குள் ஒருவர் மேலே நகர எது வேண்டும், அனுபவமா, தகுதியா, பொறுப்பின் அளவா என்பதை ஊழியர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதி வையுங்கள். அரசுத் துறைகளிலும் தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள ஆலைகளிலும் ஊதிய நிலைகள் காலங்காலமாக அச்சிட்ட அட்டவணைகளாக இருந்து வருகின்றன. பக்கத்தில் இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேதான் அங்கே இலட்சக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். வேலை விளம்பரத்திலேயே வரம்பைச் சொல்லுங்கள். முந்தைய சம்பளத்தைக் கேட்காதீர்கள். ஒருவர் தம் ஊதியத்துக்குக் காரணம் கேட்டால் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன், உங்கள் சம்பளப் பிரிவில் இருப்பவர்களை அழைத்து, ஒரே வேலையில் இருப்பவர்களின் தொகைகளை அருகருகே வைத்துத் தரச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது பெரிய வேலையில்லை. எந்த வரிசைகள் உறுத்தும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். விளக்க முடிந்த வேறுபாட்டை விளக்கத்தோடு விட்டுவிடுங்கள். விளக்க முடியாததைத் திருத்துங்கள், மேலே இருப்பவரைக் கீழே இறக்காமல் கீழே இருப்பவரை ஏற்றித் திருத்துங்கள். ஒரே ஆண்டில் முடியாதென்றால் இரண்டு ஆண்டுகளில் என்று தேதி குறித்துச் சொல்லுங்கள். நிதி நிலைமை இடம் தரவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், ஊழியர்கள் உண்மையைத் தாங்கக்கூடியவர்கள்தான். இந்தத் திருத்தத்தை யாருக்கும் தெரியாமல் ஓரிருவருக்கு மட்டும் செய்து, "இது நமக்குள் இருக்கட்டும்" என்று மறுபடியும் தொடங்கிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சம்பளத்தைப் பற்றிப் பேசியதற்காக முன்பு குறிப்பாணை பெற்றவர்களும் எச்சரிக்கப்பட்டவர்களும் உங்களிடம் இன்னும் வேலையில் இருப்பார்கள். பதவி உயர்வு பரிசீலனைக்கு வரும்போதெல்லாம் அந்தத் தாள் அவர்களுடைய பணிக்கோப்பில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு, எடுத்துவிட்டதாக அவர்களுக்கு ஒரு கடிதம் கொடுங்கள்.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியல் பிரிவில் பணியாற்றிய ஓர் ஊழியர்